மலருக்கென்று வைத்திருந்த பஹார்

கதிர்காமநாதனைப் பற்றி எழுது என்று என்னை யாரும் கேட்கவில்லை. எங்கள் எட்டாம் வாய்க்கால் குடியிருப்பில் அப்படிக் கேட்கக்கூடிய ஆட்களும் இல்லை. அவருடைய வளவுக்கும் என்னுடைய வளவுக்கும் நடுவில் ஒரு கதியால் வேலிதான். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே மாதத்தில் இங்கே வந்து இறங்கினோம். அன்று தொடக்கம் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து அவருடைய சிதாரைக் கேட்டவன் நான். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஊர் அந்த மனிதனை என்ன செய்தது என்று தெரியும், அந்த மனிதன் தனக்கே என்ன செய்துகொண்டான் என்றும் தெரியும். இரண்டையும் சொல்லத்தான் போகிறேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

அவர் பருத்தித்துறைப் பக்கத்து மனிதர். மீசை அரும்பின வயதிலேயே மலாயாவுக்குக் கப்பலேறி, ஈப்போ ரெயில் நிலையத்தில் கிளாக்கராக இருந்தவர். அங்கே போன மற்ற யாழ்ப்பாணத்தார் ஊரில் காணி வாங்கினார்கள், கல்வீடு கட்டினார்கள். இவர் பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்த கோஷால் பாபு என்ற வங்காளிக் கம்பவுண்டரிடம் சிதார் படித்தார். யப்பான் சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது கையில் இருந்தது ஒரு ட்ரங்குப் பெட்டியும் கம்பளியில் சுற்றிய அந்தச் சிதாரும்தான். சகோதரங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கம்பளியையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவரோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்துச் சங்கீதக்காரர் ஒருவருக்கு முன்னால் வாசித்துக் காட்டினாராம். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனால் இது எங்கடை இல்லை" என்று சொல்லி வெற்றிலைத் தட்டை நீட்டினாராம். அந்த வெற்றிலையோடு இவருடைய யாழ்ப்பாணக் கச்சேரி முடிந்தது. ஐம்பத்துநாலில் இரணைமடு வாய்க்காலோரம் காணி கொடுக்கிறார்கள் என்றதும் மனைவி சிவனேஸ்வரியையும் சின்னப் பெண்ணாக இருந்த மகள் இராசமலரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சிதார் வாசிக்கிறவனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள்தான் சொத்து. இரும்புத் தந்தியை அழுத்தி இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஒரு காய்ப்பு ஏற வேண்டும். காய்ப்பு இல்லாவிட்டால் தந்தி தோலை வெட்டும், சுரமும் நிற்காது. இந்த வயல்காரனுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். மாரியில் சேற்றுத் தண்ணீரில் கைவைத்தால் அந்தக் காய்ப்பு ஊறி உரிந்து போய்விடும். கார்த்திகை, மார்கழியில் புல்லுப் பிடுங்கி முடிக்கும்போது அவருடைய விரல்கள் குழந்தைப்பிள்ளையின் விரல்களாக இருக்கும். தையில் அரிவு வெட்டி முடிந்தபின் புதிதாகத் தொடங்குவார். முதல் கிழமை முழுக்க விரலில் இரத்தம் வரும், தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வாசிப்பார். பங்குனியில்தான் சிதார் ஒழுங்காகப் பேசும். ஒவ்வொரு வருஷமும் இந்தக் கூத்துத்தான். "கூலிக்கு ஆளைப் பிடிச்சுப் புல்லைப் பிடுங்குவிச்சால் என்ன அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன். "கூலி குடுக்கிறவன் சிதார் படிச்சிருக்கமாட்டான் தம்பி" என்றார்.

முல்லைத்தீவிலிருந்து சரீப் காக்கா என்ற முஸ்லிம் வியாபாரி லொறியில் கருவாடு கொண்டுவந்து, இங்கிருந்து தேனும் மான்கொம்பும் வாங்கிக்கொண்டு போவார். சிதாரின் தந்திகள் ஏறி நிற்கிற குதிரையின் மேல்பக்கம் மான்கொம்பில் செய்தது. அது தேயத் தேயச் சத்தம் கெட்டுப்போகும். சரீப் காக்கா நல்ல கொம்பாகப் பார்த்து ஒரு துண்டு எடுத்து வைப்பார். கதிர்காமநாதன் அதை அரத்தால் அராவி, தந்தியை வைத்துத் தட்டிப் பார்த்து, மறுபடி அராவுவார். காக்கா பக்கத்தில் குந்தியிருந்து சுருட்டுப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வன்னியில் அந்தச் சாமானை ஒரு சாமானாக மதித்த ஒரே மனிதர் அவர்தான்.

இனி மலருடைய விஷயத்துக்கு வருகிறேன். கோஷால் பாபு தன் மகளின் கலியாணத்தன்று, பெண் புகுந்த வீட்டுக்குப் போகிற நேரத்தில் தானே சிதாரை எடுத்துப் பஹார் என்ற இராகத்தை வாசித்தாராம். வசந்தகாலத்து இராகமாம் அது, பூப்பூக்கிற சந்தோஷமாம். அதைப் பார்த்து வந்த கதிர்காமநாதனுக்குத் தானும் அப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரே ஆசை. மலர் பிறந்த நாளிலிருந்து பஹாரில் ஒரு உருப்படியைக் கட்டத் தொடங்கினார். வருஷத்துக்கு ஒரு அடி, இரண்டு அடி சேர்ப்பார், பிடிக்காததைக் கழிப்பார். கோயிலிலோ வேறெங்கேயோ அதை வாசிக்கமாட்டார். வீட்டுக்குள் மட்டும்தான். மலர் பாடம் படித்துக்கொண்டே, "அப்பா, என்ரையை வாசியுங்கோ" என்பாள். "இது உன்ரை கலியாணத்துக்கு. இப்ப பழக்கம் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டு வாசிப்பார். அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மகள் வாசலைத் தாண்டும்போது சனத்துக்கு முன்னால் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளையார் கோயிலில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு திருவிழா. எட்டாம் வாய்க்காலின் திருவிழாவில் பூசை முடிந்து மேளச் சமா தொடங்கும்வரை கதிர்காமநாதன் வாசிப்பார். சனம் கச்சான் கடலை உடைத்துக்கொண்டு கேட்கும். பெரிய புளகாங்கிதம் ஒன்றும் இல்லை. ஆனால் எழும்பிப் போகவும் மாட்டார்கள். கோயில் தர்மகர்த்தா ஏரம்பர், அரிசி ஆலை முதலாளி, முன்வரிசையில் இருந்து தலையாட்டுவார். தாளத்துக்கும் அந்தத் தலைக்கும் ஒரு சம்பந்தமும் இராது. என்றாலும் ஆட்டினார்.

அறுபத்துநாலு வைகாசியில் இந்தியாவின் பிரதமர் காலமானார். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் றேடியோவைத் தூக்கி மேசையில் வைத்தார்கள். வாய்க்கால் முழுக்க அங்கே கூடியது. செய்திக்கு இடையில் பாட்டு இல்லை, விளம்பரம் இல்லை, சிதாரும் சாரங்கியும் மட்டும் அழுதுகொண்டிருந்தன. கதிர்காமநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். றேடியோவில் சிதார் கேட்டதும் அந்த மனிதனுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னுடைய சாமானை ஊர் முழுக்க வாய் திறக்காமல் நின்று கேட்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

"இதுதான் சிதார். என்னட்டை இருக்கிறது இதுதான்" என்று ஆள் ஆளாகப் போய்ச் சொன்னார். "பெரிய ஆக்கள் செத்தால் இப்பிடித்தான் வாசிப்பினம்."

அவருடைய வாயாலேயே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டு நின்றவர்களின் முகம் மாறுவதையும் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சனத்துக்கு அது செத்தவீட்டுச் சாமான் ஆகிவிட்டது. தந்தியை இழுத்து வளைக்கிற இடம் வந்தால், முன்பு கச்சான் உடைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கு இப்போது பெண்கள் ஒப்பாரி வைப்பதாகக் கேட்டது. மூன்றாம் வீட்டுப் பொன்னம்பலம் சலரோகத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவருடைய மனைவி வந்து சிவனேஸ்வரியிடம், "அவர் பாயில கிடக்கிறார் அக்கா. உந்தச் சாமானை இப்ப தொடவேண்டாம் எண்டு அண்ணரிட்டைச் சொல்லுங்கோ" என்றாள். கதிர்காமநாதன் அன்றே உறைபோட்டு வைத்துவிட்டார். பொன்னம்பலம் அடுத்த கிழமை செத்துப்போனார். அவர் காலை வெட்டச் சொன்ன டொக்டரின் பேச்சைக் கேட்காமல் செத்தார். ஆனால் பழி சிதாருக்கு.

அந்த வருஷத் திருவிழாக் கூட்டத்தில் ஏரம்பர், "சாவு வாத்தியம் கோயில் வீதிக்கு வேண்டாம்" என்று ஒரே பேச்சில் முடித்தார். மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். "இத்தனை வருஷமாக் கேட்டுத் தலையாட்டினீங்களே" என்று நான் கேட்டதற்கு, "அப்ப தெரியாது, இப்ப தெரியும்" என்றார். கதிர்காமநாதன் எழும்பி வந்தார். வழியில், "பரவாயில்லைத் தம்பி. மலரின்ரை கலியாணத்துக்கு ஆரும் மறிக்க ஏலாதுதானே, என்ரை வீடு" என்றார்.

மறித்தார்கள். மறித்தவரும் அதே ஏரம்பர்தான். அவருடைய மகன் கனகலிங்கம் மலரைப் பார்த்து விரும்பி, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டான். ஏரம்பர் வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார். அவர் சீதனம் பற்றி அதிகம் கதைக்கவில்லை, அதற்காக அவரைப் பாராட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்தச் சாமான் கலியாண வீட்டில் இருக்கக்கூடாது.

"வாசிக்கேல்லைச் சம்பந்தி, சும்மா அறைக்குள்ள இருக்கட்டும்" என்றார் கதிர்காமநாதன்.

"இருக்கவும் வேண்டாம்."

"தாலி கட்டி, சாப்பாடெல்லாம் முடிஞ்சு, பிள்ளை உங்கடை வீட்டுக்கு வெளிக்கிடுற நேரம் ஒரு கொஞ்ச நேரம். ஒரேயொரு உருப்படி. அது சந்தோஷமான இராகம். அவளுக்கெண்டு வைச்சிருக்கிறன்."

"பிள்ளை வெளிக்கிடுற நேரம் சாவு வாத்தியமோ?" என்று ஏரம்பர் கேட்டார். அதட்டவில்லை, ஆறுதலாகத்தான் கேட்டார். "உங்கடை பிள்ளைதான். யோசிச்சுச் சொல்லுங்கோ."

மலர் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குக் கனகலிங்கத்தில் விருப்பம். தகப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை. அந்த நேரம் அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அவளிலும் கோபம் இருந்தது. இப்போது இல்லை.

தாலிக்கான பொன்னுருக்கலுக்கு முதல்நாள் சரீப் காக்கா லொறியில் வந்து சிதாரை ஏற்றிக்கொண்டு போனார். வைக்கோல் பரப்பி, அதற்குமேல் பாய் விரித்துப் படுக்கவைத்தார். "நாதன் ஐயா, என்ரை மகள் றாபியாவுக்கும் பேச்சு நடக்குது. எங்கடை வீட்டுக் கலியாணத்துக்கு வந்து வாசியுங்கோவன். நாங்களும் அந்த றேடியோவைக் கேட்டனாங்கள்தான், எங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை" என்றார். "முதல் என்ரை பிள்ளைக்கு வாசிக்கவேணும் காக்கா. அதுக்குப் பிறகுதான் மற்றவைக்கு" என்று இவர் சொன்னார். பிடிவாதம் பிடித்த மனிதர். மகளின் கலியாணத்தில் வாசிக்க முடியாது என்று தெரிந்த பிறகும் அப்படிச் சொன்னார்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. இரண்டு கூட்டம் மேளம், லௌட்ஸ்பீக்கர், எல்லாம் இருந்தது. மலர் வாசல் படலையைத் தாண்டும்போது லௌட்ஸ்பீக்கரில் ஒரு சினிமாப் பாட்டுப் போனது. கதிர்காமநாதன் கைகளைக் கோத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். வலது கைப் பெருவிரலால் இடது கை விரல்களின் காய்ப்பைத் தடவிக்கொண்டு நின்றதை நான் கண்டேன். அடுத்த கிழமை சரீப் காக்கா சிதாரைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்.

இரண்டு வருஷத்தில் ஏரம்பர் போய்ச் சேர்ந்தார். காலையில் கோப்பி குடித்தவர் கதிரையிலேயே சாய்ந்துவிட்டார். அன்று மத்தியானம் கனகலிங்கம் மாமனார் வீட்டுக்குக் காரில் வந்து இறங்கினான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"மாமா, ஐயாவின்ரை செத்தவீட்டைக் கொஞ்சம் மரியாதையாச் செய்யவேணும். எம்.பி.யும் வாறாராம். நாளைக்கு நீங்கள் சிதாரைக் கொண்டுவந்து வாசிச்சால் நல்லாயிருக்கும். அண்டைக்கு றேடியோவில போட்டவையே, அது மாதிரி."

சிவனேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டாள். "சம்பந்தி எண்டு போய் நிக்கவேண்டிய இடத்தில மேளகாரரோடை இருக்கிறதோ? போகாதேங்கோ" என்றாள்.

"கூப்பிடுறார்தானே" என்று கதிர்காமநாதன் சிரித்தார். பிறகு மருமகனைப் பார்த்து, "நாளைக்கு வாறன் தம்பி" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தநாள் சைக்கிள் கரியரில் சிதாரைப் பிடித்துக்கொண்டு நான்தான் அவரோடு போனேன். வாய்க்கால் கட்டால் உருட்டிக்கொண்டு போகும்போது சொன்னார். "உவங்களுக்கு எல்லாம் ஒண்டுதான். இண்டைக்கு நான் என்னத்தை வாசிச்சாலும் அழுவாங்கள். இருந்து பாரும்."

பந்தலில் சம்பந்திமாருக்குப் போட்ட கதிரைகள் முன்னால் இருந்தன. இவருக்குப் பந்தலின் ஓரத்தில், பறைமேளகாரர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் போட்டிருந்தார்கள். மேளகாரருக்கு அது கூச்சமாக இருந்தது, எழும்பித் தள்ளிப்போய் இருந்தார்கள். அவர் பாயில் உட்கார்ந்து, சிதாரின் குடத்தைக் காலில் சாய்த்து, தந்திகளைச் சேர்த்தார். எம்.பி. வந்து மாலை போட்டதும் கனகலிங்கம் கைகாட்டினான்.

அவர் பஹாரை எடுத்தார்.

எனக்கு முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தனை வருஷம் கேட்டது. மலர் பாடம் படிக்கும்போது கேட்டது, அவள் பெரியபிள்ளையான மாதம் கேட்டது. அவர் சொன்னபடியே நடந்தது. முன்வரிசையில் ஒருவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். எம்.பி. லேஞ்சியை எடுத்தார். "உதைக் கேக்க ஏரம்பருக்குக் குடுத்துவைக்கேல்லை" என்று பின்னால் ஒரு கிழவர் விம்மினார். கலியாண உருப்படியைக் கேட்டு ஒரு பந்தல் சனம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

ஆனால் கொஞ்ச நேரத்தில் கதிர்காமநாதனின் முகத்தில் இருந்த ஏளனம் போய்விட்டது. அவர் வாசிப்பில் இறங்கிவிட்டார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சபை அவருக்கு முன்னால் அசையாமல் இருந்தது. பழிவாங்க வந்ததை மறந்துவிட்டார், செத்தவீடு என்பதையும் மறந்துவிட்டார். வேகமான இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கும் ஒரு கணம் மனம் பொங்கியது, பொய் சொல்லமாட்டேன்.

உள்ளே பெண்கள் பிரேதத்தைச் சுற்றியிருந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குரல் நின்றது. பிறகு மலர் வெளியே வந்தாள். தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, ஆண்கள் இருந்த பந்தலுக்குள், மருமகள்மார் வரக்கூடாத இடத்துக்குள், நடந்து வந்து பாய்க்கு முன்னால் நின்றாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"அப்பா, இது என்ரை" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அவருடைய கை தன்பாட்டில் வாசித்துக்கொண்டிருந்தது.

"இதையோ இஞ்சை கொண்டுவந்து வாசிச்சனீங்கள்?"

அவள் திரும்பி உள்ளே போனாள். கதிர்காமநாதன் உள்ளங்கையைத் தந்திகளின்மேல் வைத்து அழுத்தினார். சத்தம் அப்படியே நின்றது. அப்படி முடிப்பதுதான் முறை என்று நினைத்துச் சனம் பெருமூச்சு விட்டது. கனகலிங்கம் வந்து கையைப் பிடித்து, "நல்லா வாசிச்சீங்கள் மாமா" என்றான்.

ஊர் செய்ததை ஊர் செய்தது. அதற்கு நான் இந்த ஊரை மன்னிக்கப்போவதில்லை. ஆனால் இருபது வருஷமாக மகளுக்கென்று பொத்தி வைத்ததை, செத்துக் கிடந்த ஏரம்பரை அவமதிக்க எடுத்துச் செலவழித்தவர் அவர்தான். ஏரம்பருக்கு அது உறைக்கவும் இல்லை, அவர் செத்துவிட்டார். உறைக்கக்கூடிய ஒரே ஆள் மலர்.

அதற்குப் பிறகு பத்தாம் வாய்க்காலிலிருந்தும் கண்டி ரோட்டுப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள், எல்லாம் செத்தவீட்டுக்கு. அவர் போகவில்லை. றாபியாவின் கலியாணம் நிச்சயமாகிச் சரீப் காக்கா வந்து கேட்டார். "என்னட்டை இனிக் கலியாணத்துக்கு வாசிக்க ஒண்டும் இல்லைக் காக்கா" என்றார். வேறு எத்தனையோ இராகம் இருக்கிறதே என்று காக்கா கேட்டார். இவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த மாரியிலும் வழக்கம்போலப் புல்லுப் பிடுங்கினார். தை வந்தது, பங்குனி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை.

போன மாதம் மலருக்குப் பெண் குழந்தை பிறந்தது. செத்தவீட்டுக்குப் பிறகு அவள் தாயோடு மட்டும்தான் கதை. துடக்குக் கழிந்த பிறகு, தனியே போகத் தயங்கி, அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆளுக்கொரு சைக்கிளில் போய் இறங்கினோம். சத்தம் கேட்டு மலர் பிள்ளையைத் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்தாள். தகப்பனைப் பார்த்தாள், சைக்கிள் கரியரை எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் தலையில் கையை வைத்து மூடிக்கொண்டு கேட்டாள்.

"கையில ஒண்டும் கொண்டுவரேல்லைத்தானே அப்பா?"

"இல்லைப் பிள்ளை" என்று அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அது நல்ல வெயில்காலம். இடது கை விரல்களில் காய்ப்பு இருக்கவில்லை.